‘லினக்ஸில் வைரஸ் வராது’: ஒரு கட்டுரை வாக்கியத்தின் திறனாய்வு



சனிக்கிழமை தோறும் படிவம் ஐந்து மாணவர்கள் சிலருக்குத் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். எல்லாரும் நெகிரி செம்பிலானில் பக்கத்துப் பக்கத்துத் தோட்டங்களைச் சேர்ந்த பிள்ளைகள். அண்மையில் அவர்களுக்கு ஒரு விவாதக் கட்டுரை கொடுத்தேன். ‘கணினி இயங்குதளங்களுள் நச்சுநிரல் தாக்குதலைத் தாங்கக்கூடியது எது?’ என்பது தலைப்பு. வந்த தாள்களில் பெரும்பாலானவற்றில் மூன்று வாக்கியங்கள் திரும்பத் திரும்ப வந்தன.

ஒன்று: ‘விண்டோஸ் பலவீனமாகச் செய்யப்பட்டது, அதனால்தான் வைரஸ் தாக்குகிறது.’

இரண்டு: ‘மேக் கணினியை வைரஸ் தாக்காது.’

மூன்று: ‘லினக்ஸில் வைரஸே வராது, ஆகவே லினக்ஸே சிறந்தது.’

எழுத்துப்பிழை இல்லை, சந்திப்பிழைகூட இல்லை. ஆனால் கருத்துக்குப் புள்ளி போடக் கை வரவில்லை. மூன்றும் அரை உண்மை. அதிலும் மூன்றாவது வாக்கியத்தைத் திருத்தப் பேனாவை எடுத்தபோது எனக்கே வெட்கமாகிவிட்டது. அது நான் சொல்லிக்கொடுத்த வாக்கியம்!

வாக்கியம் பிறந்த இடம்

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தோட்டப் பள்ளியின் கணினி அறையில் நடந்தது. சோதனைத் தாள்கள், வகுப்பு மதிப்பீட்டுப் பதிவுகள் எல்லாம் ஒரே பென்டிரைவில் இருந்தன. பட்டணத்தில் நகல் எடுக்கும் கடைக்குப் போய்வந்த பென்டிரைவ் அது. பள்ளிக் கணினியில் செருகினால் கோப்புறைகள் எல்லாம் குறுக்குவழிச் சின்னங்களாக மாறியிருந்தன. அழுத்தினால் எதுவும் சரியாகத் திறக்கவில்லை. “சார், உள்ள ஒண்ணுமே இல்ல சார்!” என்று ஒரு பையன் கத்தினான்.

லினக்ஸ் போட்டிருந்த என் பழைய மடிக்கணினியில் அதையே செருகினேன். மறைக்கப்பட்ட கோப்புகளைக் காட்டச் சொன்னதும், தொலைந்ததாக நினைத்த அத்தனையும் அப்படியே இருந்தன. பிள்ளைகள் கைதட்டினார்கள். அந்த மிதப்பில் சொல்லிவிட்டேன்: “பாத்தீங்களா, லினக்ஸ்ல வைரஸ் வராது!”

உண்மையில் நடந்தது என்ன? அந்தத் தீநிரல் விண்டோஸுக்காக எழுதப்பட்டது. விண்டோஸ் புரிந்துகொள்ளும் கட்டளைகள்தான் அதில் இருந்தன. என் மடிக்கணினிக்கு அந்த மொழி தெரியாது. மலாய் தெரியாதவனை மலாயில் ஏமாற்ற முடியாது என்பது போல. அவன் ஏமாளி இல்லை என்று அதற்குப் பொருளாகாது. அவனுக்குத் தெரிந்த மொழியில் இன்னும் யாரும் பேசவில்லை, அவ்வளவுதான்.

ஒரு நிகழ்ச்சியை வைத்து ஒரு பொதுவிதி சொன்னேன். கட்டுரையில் மாணவர் இதைச் செய்தால் ‘சான்று போதவில்லை’ என்று சிவப்பு மையில் எழுதுகிறோம். ஆசிரியர் செய்தால் அது பாடமாகிவிடுகிறது.

முதல் வாக்கியம்: விண்டோஸ் பலவீனமானதா?

பாதி சரி. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் வீட்டுக் கணினிகளில் பெரும்பாலோர் நிர்வாகி கணக்கிலேயே எல்லா வேலையும் செய்தார்கள். பாட்டுக் கேட்பவருக்கும் முழு அதிகாரம், பாட்டோடு ஒட்டிக்கொண்டு வந்த தீநிரலுக்கும் முழு அதிகாரம். பென்டிரைவைச் செருகியதும் அதிலுள்ள நிரல் தானாக ஓடும் வசதி வேறு இருந்தது. 2008 நவம்பரில் கிளம்பிய கான்ஃபிக்கர் புழுவின் பிந்திய வடிவங்கள் இந்த வழியையும் பயன்படுத்திப் பரவின.

ஆனால் விண்டோஸ் அங்கேயே நின்றுவிடவில்லை. விஸ்டா பதிப்பிலிருந்து, முக்கியமான மாற்றம் எதையும் செய்யுமுன் கணினி அனுமதி கேட்கத் தொடங்கியது. பென்டிரைவ் தானாக ஓடும் வசதியைப் பழைய பதிப்புகளிலும் முடக்கும் இற்றைப்படுத்தலை மைக்ரோசாஃப்ட் 2011-இல் பரவலாக அனுப்பியது. இன்றைய விண்டோஸில் நச்சுநிரல் தடுப்பானும் கூடவே வருகிறது. ஆகவே ‘விண்டோஸ்’ என்று மொட்டையாக எழுதினால் போதாது. எந்தப் பதிப்பு என்று எழுத வேண்டும்.

இன்னொன்று, விண்டோஸ் அதிகம் தாக்கப்படுவதற்கு அதன் எண்ணிக்கையும் ஒரு காரணம். மேசைக்கணினி, மடிக்கணினிகளில் பெரும்பங்கு அதன் கையில். மீன் அதிகம் உள்ள குளத்தில்தானே வலை அதிகம் விழும்?

வானாக்ரை தாக்குதல் இதற்கு நல்ல சான்று. 2017 மே 12-ஆம் தேதி தொடங்கி, 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் கணினிகளைப் பூட்டிப் பணயத்தொகை கேட்டது. இங்கிலாந்தில் மருத்துவமனைகள் முடங்கின. கேரளத்தில் கிராமப் பஞ்சாயத்து அலுவலகங்களின் கணினிகளும் சிக்கின. ஆனால் அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் இற்றைப்படுத்தலை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. ஏறக்குறைய இரண்டு மாத அவகாசம்! அடைத்தவர் தப்பித்தார், அடைக்காதவர் மாட்டினார். இரண்டு பேரிடமும் இருந்தது அதே விண்டோஸ்தான். இயங்குதளத்தின் பெயர் மட்டும் முடிவைத் தீர்மானிக்கவில்லை என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டுமா?

இரண்டாவது வாக்கியம்: மேக்கைத் தாக்காதா?

வரலாறு இதற்கு நேர்மாறாகத் தொடங்குகிறது. தனிமனிதக் கணினிகளுக்கிடையே பரவிய முதல் நச்சுநிரல்களுள் ஒன்று ‘எல்க் குளோனர்’. 1982-இல் ஆப்பிள் II கணினிக்காக எழுதப்பட்டது. எழுதியவர் 15 வயது அமெரிக்க மாணவர். ஐ.பி.எம். வகைக் கணினிகளைத் தாக்கிய ‘பிரெய்ன்’ லாகூரிலிருந்து வந்தது 1986-இல்தான். ஆக, ஆப்பிள் கணினிக்கு நச்சுநிரல் முந்தியே வந்துவிட்டது.

அது பழங்கதை என்பீர்கள். சரி, 2012-க்கு வருவோம். ஃபிளாஷ்பேக் எனும் தீநிரல் ஆறு இலட்சம் மேக் கணினிகளைப் பிடித்தது. ஜாவா மென்பொருளில் இருந்த ஓட்டை வழியாக நுழைந்தது. ஆரக்கிள் நிறுவனம் அதற்கான திருத்தத்தைப் பிப்ரவரியில் வெளியிட்டது; மேக் பயனர்களுக்கு ஆப்பிள் அதைக் கொடுத்தது ஏப்ரலில். அந்த இடைவெளியில்தான் பாதிப்பு பெருகியது. மேக்கில் பாதுகாப்பு ஏற்பாடுகள் நிறையவே உள்ளன. ஆனால் ‘தாக்காது’ என்ற சொல்லுக்கு அங்கும் இடமில்லை. ‘ஒப்பளவில் குறைவாகத் தாக்கப்பட்டது’ என்று எழுதினால் ஏற்கலாம்.

மூன்றாவது வாக்கியம்: லினக்ஸில் வராதா?

லினக்ஸுக்கு மூத்த உறவு யூனிக்ஸ். 1988 நவம்பர் 2-ஆம் தேதி இணையத்தைத் திணறவைத்த மோரிஸ் புழு பாய்ந்தது யூனிக்ஸ் கணினிகள் மீதுதான். எளிதில் ஊகிக்கக்கூடிய கடவுச்சொற்களும் அது பயன்படுத்திய வழிகளுள் ஒன்று.

2016-இல் மிராய் வந்தது. வீட்டு இணையக் கருவிகள், கண்காணிப்புக் கேமராக்கள் போன்றவற்றில் உள்ளே ஓடுவது பெரும்பாலும் லினக்ஸ். கடையில் வாங்கியபோது இருந்த கடவுச்சொல்லைப் பலர் மாற்றவே இல்லை. மிராய் அந்தச் சொற்களை ஒவ்வொன்றாக முயன்று உள்ளே புகுந்தது. அப்படிப் பிடித்த கருவிகளின் துணையோடு அக்டோபரில் நடந்த தாக்குதலில் டுவிட்டர், நெட்பிளிக்ஸ் போன்ற பெரிய தளங்களே பல பயனர்களுக்குத் திறக்கவில்லை.

லினக்ஸின் உண்மையான பலங்களைக் குறைக்க வேண்டியதில்லை. சாதாரணப் பயனருக்கும் நிர்வாகிக்கும் இடையே தெளிவான கோடு உண்டு. மென்பொருளைக் கண்ட இடத்திலிருந்து இறக்காமல், அந்தந்த வெளியீட்டின் களஞ்சியத்திலிருந்து பெறும் பழக்கம் உண்டு. மேசைக்கணினியில் அதைப் பயன்படுத்துவோர் குறைவு என்பதால் குறிவைப்பாரும் குறைவு. இவை காரணங்கள். ‘வராது’ என்பது காரணமே சொல்லாத தீர்ப்பு.

தோட்டத்தில் அதிகம் உள்ள கணினி எது?

விடைத்தாள்களைத் திருப்பிக் கொடுத்த அன்று, பின்வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் கேட்டான்: “சார், அப்பா போன் ஆண்ட்ராய்டு. அது எந்தக் குடும்பம் சார்?”

சொன்னேன். ஆண்ட்ராய்டு, லினக்ஸ் கருவின் மேல் கட்டப்பட்ட இயங்குதளம்.

“அப்போ அதுல வைரஸ் வராதா சார்?”

வகுப்பே அமைதியாகிவிட்டது. விசாரித்தால், முந்தின வாரம் அவன் அப்பாவுக்குப் புலனத்தில் ஒரு திருமண அழைப்பு வந்திருக்கிறது. படம் இல்லை, ஒரு செயலிக் கோப்பு. ‘தெரியாத இடத்திலிருந்து வந்த செயலி’ என்று கைப்பேசியே எச்சரித்திருக்கிறது. அப்பா மகனிடம் கேட்டிருக்கிறார். மகன் அரைமனதாக, “சார்கிட்ட கேட்டுட்டு அழுத்துவோம்ப்பா” என்று நிறுத்தி வைத்திருக்கிறான். அவன் நிறுத்தியதால் தப்பித்தார். என் வாக்கியத்தை அப்படியே நம்பியிருந்தால்?

நம் தோட்டங்களில் மேசைக்கணினி உள்ள வீடுகள் சில. ஆண்ட்ராய்டு கைப்பேசி இல்லாத வீடு அரிது. சம்பளம் வங்கிக்குப் போகிறது; வங்கி கைப்பேசிக்குள் இருக்கிறது. அரசாங்க உதவித்தொகை விவரமும் அதில்தான் பார்க்கிறார்கள். ஆக, தோட்டத்தில் மிக அதிகமான, பணத்துக்கு மிக நெருக்கமான கணினி அதுவே. ‘லினக்ஸில் வராது’ என்று படித்த பிள்ளைதான் அந்த வீட்டின் தொழில்நுட்ப ஆலோசகர். ஒரு கட்டுரை வாக்கியத்துக்கு நான் இவ்வளவு இடம் கொடுப்பது இதனால்தான்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2022 ஏப்ரலில் ஈசெட் பாதுகாப்பு நிறுவனம் ஓர் ஆய்வை வெளியிட்டது. வீட்டைத் துப்புரவு செய்யும் சேவை, செல்லப்பிராணிக் கடை என்ற பெயர்களில் போலி ஆண்ட்ராய்டு செயலிகள், எட்டு மலேசிய வங்கிகளின் வாடிக்கையாளர்களைக் குறிவைத்தன. பணம் கட்டும் போலிப் பக்கத்தில் வங்கிக் கடவுச்சொல்லை வாங்கிக்கொள்ளும். குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறை எண்ணையும் செயலி படித்து அனுப்பிவிடும். பூட்டும் சாவியும் ஒரே கையில்! அதே ஆண்டு செப்டம்பரில் பேங்க் நெகாரா, குறுஞ்செய்தி வழி வரும் ஒருமுறை எண்ணை விட்டு இன்னும் பாதுகாப்பான உறுதிப்படுத்தும் முறைக்கு வங்கிகள் மாற வேண்டும் என்று அறிவித்தது.

இங்கே ஒரு நுணுக்கம். ஆண்ட்ராய்டு ஒவ்வொரு செயலியையும் தனித்தனி அறையில்தான் வைக்கிறது. ஒன்று மற்றொன்றின் அறைக்குள் நினைத்தபடி நுழைய முடியாது. ஆனால் ‘குறுஞ்செய்தியைப் படிக்கலாமா?’ என்று செயலி கேட்டு, நாம் ‘சரி’ என்று அழுத்தினால் கதவைத் திறந்துவிட்டவர் நாமே. ஐபோனில் செயலிகள் பொதுவாக ஆப்பிளின் கடை வழியே வருவதால் இந்த வழி குறுகலானது. போலி இணைப்பை அழுத்திக் கடவுச்சொல்லைக் கொடுத்தால் ஐபோனும் காப்பாற்றாது.

ஒப்பிட நான்கு அளவுகோல்கள்

ஒப்பீட்டுக் கட்டுரையில் பெயர்களை வரிசையாக நிறுத்தித் தீர்ப்புச் சொல்லக்கூடாது. முதலில் அளவுகோல். பிறகே ஒப்பீடு.

1. இற்றைப்படுத்தல்: இந்தப் பதிப்புக்குத் திருத்தங்கள் இன்னும் வருகின்றனவா? வந்தால், நாம் ஏற்றுகிறோமா?

2. அதிகாரம்: நிரல் தானாக முழு அதிகாரம் பெறுமா? அனுமதி கேட்குமா?

3. மூலம்: மென்பொருள் எங்கிருந்து வருகிறது? கடையா, களஞ்சியமா, புலனத்தில் வந்த கோப்பா, திருட்டு நகலா?

4. இலக்கு: எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள்? தாக்குபவனுக்கு என்ன இலாபம்?

இந்த நான்கையும் நம் கணினி அறையில் வைத்துப் பாருங்கள். விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8-இல் முடிந்தது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14. கூடுதல் காலத்துக்குப் பதிவு செய்தவர்களுக்கு மட்டும் திருத்தங்கள் தொடர்கின்றன. தோட்டப் பள்ளிகளுக்கு நன்கொடையாக வரும் கணினிகளில் பல, ஏதாவது ஓர் அலுவலகம் கழித்துக்கட்டியவை. நன்றியோடு வாங்கிக்கொள்கிறோம். ஆனால் திறப்பு விழாப் படம் எடுக்குமுன் ‘இதில் என்ன பதிப்பு? திருத்தம் வருமா?’ என்று யாராவது கேட்கிறோமா?

குரோம்புக்கும் இதற்கு விலக்கில்லை. 1பெஸ்தாரிநெட் திட்டக் காலத்தில் நம் நாட்டுப் பள்ளிகளுக்கு அவை வந்தன. திட்டம் 2019-இல் முடிந்தது. குரோம் இயங்குதளம் ஒவ்வொரு முறை இயங்கத் தொடங்கும்போதும் தன்னைத் தானே சரிபார்க்கும். விண்டோஸ் நிரல் எதையும் அதில் நேரடியாக ஓட்ட முடியாது. நல்ல வடிவமைப்புதான். ஆனால் ஒவ்வொரு குரோம்புக் மாடலுக்கும் இற்றைப்படுத்தல் முடியும் தேதி ஒன்று உண்டு. அலமாரியில் பூட்டி வைத்தாலும் அந்தத் தேதி நகராது.

“தமிழ் தட்டச்சுக்கு விண்டோஸ்தான் வேணும்” என்று சொல்லும் ஆசிரியர்களும் உண்டு. ஒரு காலத்தில் அதில் நியாயம் இருந்தது. நம் நாட்டின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலைப் பழகிய கைகள் அவை. இன்று மேக்கிலேயே அவர் வடிவமைத்த இணைமதி எழுத்துரு இருக்கிறது. லினக்ஸிலும் தமிழ்99 விசைப்பலகையை அமைத்துக்கொள்ளலாம். தமிழுக்காகத் திருட்டு நகல் விண்டோஸை வைத்துக்கொண்டு, மாட்டிக்கொள்வோமோ என்று இற்றைப்படுத்தலையும் நிறுத்தி வைப்பது, வீட்டுக்குப் பூட்டு வாங்கிச் சாவியைத் திண்ணையில் தொங்கவிடுவது போலத்தான்.

மற்ற இடங்களில் என்ன செய்தார்கள்? கேரளப் பள்ளிகள் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டத்தின்கீழ் லினக்ஸுக்கு மாறின. தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்துக் கொடுத்தார்கள். நம் நாட்டிலும் அரசுத்துறைக்கான திறந்தமூல மென்பொருள் பெருந்திட்டம் 2004-இலேயே வந்தது. ஆகவே, விண்டோஸ் 11 ஏற்காத பழைய கணினிக்கு லினக்ஸ் போடுவது புதுமையும் இல்லை, தாழ்வும் இல்லை. உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பு ஒன்றுக்கு ஐந்தாண்டுத் திருத்தங்கள் கட்டணமின்றிக் கிடைக்கும்.

கவனியுங்கள், இப்போதும் நான் லினக்ஸைத்தான் பரிந்துரைக்கிறேன். ஆனால் காரணம் மாறிவிட்டது. ‘வைரஸ் வராது’ என்பதற்காக இல்லை; ‘திருத்தம் தொடர்ந்து வரும்’ என்பதற்காக. முடிவு ஒன்றே ஆனாலும் காரணம் தவறானால் அடுத்த முடிவு தவறிப்போகும். அந்த மாணவனின் அப்பா கைப்பேசி விசயத்தில் தவறவிருந்தது அதுதான்.

தேர்வு எழுதும் மாணவர்களுக்கு

‘வராது’, ‘தாக்காது’, ‘கிடையாது’, ‘எப்போதும்’ போன்ற முற்றுச் சொற்களை எழுதுமுன் ஒருமுறை நில்லுங்கள். ஒரே ஓர் எதிர்ச்சான்று போதும், வாக்கியம் விழுந்துவிடும். கீழே உள்ள பத்தியை மனப்பாடம் செய்யாமல், அதன் அமைப்பை மட்டும் பாருங்கள்:

‘எந்த இயங்குதளமும் நச்சுநிரலுக்கு முற்றிலும் அப்பாற்பட்டதன்று. விண்டோஸ் பெருமளவில் பயன்படுத்தப்படுவதால் அதிகம் குறிவைக்கப்படுகிறது. எனினும், 2017-ஆம் ஆண்டின் வானாக்ரை தாக்குதலில் உரிய நேரத்தில் இற்றைப்படுத்திய விண்டோஸ் கணினிகள் தப்பின. லினக்ஸில் அதிகாரப் பகுப்பு தெளிவாக உள்ளது. ஆயினும் 2016-ஆம் ஆண்டின் மிராய், கடவுச்சொல் மாற்றப்படாத லினக்ஸ் கருவிகளைக் கைப்பற்றியது. எனவே, ஓர் இயங்குதளத்தின் பாதுகாப்பை அதன் பெயரைக் கொண்டு மட்டும் மதிப்பிடாமல் அதன் பதிப்பு, அனுமதிமுறை, மென்பொருள் வரும் வழி, பயனரின் பழக்கம் ஆகியவற்றைக் கொண்டு மதிப்பிட வேண்டும்.’

கருத்து, சான்று, மறுப்பு, முடிவு என நான்கும் இதில் இருக்கின்றன. உங்கள் சொந்தச் சான்றைப் போட்டு எழுதிப் பழகுங்கள்.

ஆசிரியர்களுக்கு

மதிப்பீட்டுப் பதிவுகளை ஒரே பென்டிரைவில் வைக்காதீர்கள். இரண்டு இடத்தில் நகல் இருக்கட்டும், அதில் ஒன்று கணினியோடு இணையாமல் தனியே இருக்கட்டும். கணினி அறைக் கதவில் ஒரு தாளை ஒட்டி, ஒவ்வொரு கணினியின் பதிப்பையும் ஆதரவு முடியும் தேதியையும் எழுதுங்கள். பெற்றோர் கூட்டத்தில் ஐந்து நிமிடம் ஒதுக்கி, புலனத்தில் வரும் செயலிக் கோப்பை அழுத்தக்கூடாது என்று சொல்லுங்கள். பணம் போய்விட்டதாகத் தெரிந்தால் உடனே தங்கள் வங்கியையும், தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் 997 எண்ணையும் அழைக்கச் சொல்லுங்கள்.

அந்த மாணவனின் தாளில் மூன்றாவது வாக்கியத்தை நான் அடித்தேன். பக்கத்தில் ‘இது ஆசிரியரின் பிழை’ என்று எழுதிக் கையொப்பம் இட்டேன். அடுத்த வாரம் அவன் திருத்தி எழுதிக்கொண்டு வந்த கட்டுரையில், சான்றாக அவன் அப்பாவின் கைப்பேசி வந்திருந்தது. அதற்கு முழுப்புள்ளி போடக் கை தயங்கவில்லை.